சிரிப்புக்குப் பின்னால் நிற்பவன்

பதினொரு நிமிடங்கள் ஓடும் ஓர் அமெரிக்கக் குறும்படத்தைப் பற்றி ஒரு கட்டுரை அளவுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் நல்ல வாசகர். இலக்கியம் மக்கள் வாழ்வோடு ஒட்டி நிற்கவேண்டும் என்பதில் என்னிலும் பிடிவாதமானவர். அமெரிக்காவில் விடியற்புறத்திலே, விளம்பரத்துக்கென ஒதுக்கிய நேரத்திலே, ஒளிபரப்பான ஒரு விசர்க் கூத்துக்கும் மயிலிட்டித் துறையிலே வலை பொத்துகிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் அதே படத்தை எங்கள் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தம் கைத்தொலைபேசியில் முன்னரே பார்த்துவிட்டார்கள் என்பதும், அதைப் பற்றி அவர்கள் பேசியது பாடநூலைப் பற்றி அவர்கள் பேசுவதைவிடக் கூர்மையாக இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் பார்ப்பதை விமர்சகன் பார்க்கமாட்டேன் என்றிருந்தால் இழப்பு பிள்ளைகளுக்கல்ல.

படத்தின் பெயர் ‘ரூ மெனி குக்ஸ்’. சமையற்காரர் பலரானால் கறி கெடும் என்ற ஆங்கிலப் பழமொழியின் முற்பாதி அது. ஆள் கூடினால் பாம்பு சாகாது என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதுதான். கஸ்பர் கெலி என்பவர் ஆக்கிய இப்படத்தை அடல்ற் சுவிம் என்னும் தொலைக்காட்சி 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28 ஆந் திகதி அதிகாலை நான்கு மணிக்கு ஒளிபரப்பியது. சில நாட்களுக்குள் அது இணையத்தின் வழியே உலகெங்கும் பரவிற்று. 1980 களிலும் 90 களிலும் அமெரிக்கத் தொலைக்காட்சியை நிறைத்திருந்த குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் தொடக்கப் பாட்டைத்தான் அது நையாண்டி செய்கிறது. ‘ஃபுல் ஹவுஸ்’ போன்ற தொடர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு நினைவிருக்கும். தகப்பன் ஏதோ வேலையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பான். கமராவைக் கண்டு புன்னகைப்பான். அவன் பெயர் மஞ்சள் எழுத்தில் விழும். பின்பு தாய், பின்பு மூத்த மகள், இளைய மகன், குழந்தை, கிழவி. ஒரு நிமிடத்துக்குள் பாட்டு முடிந்து கதை தொடங்கும்.

இப்படத்திலோ பாட்டு முடிவதில்லை. ஒருவர் பின் ஒருவராக மனிதர்கள் வந்து நிமிர்ந்து புன்னகைத்துக்கொண்டே இருக்கிறார்கள். குடும்பம் தீர்ந்ததும் அயலவர், அயலவர் தீர்ந்ததும் அலுவலகத்தார். தையற் பொம்மையாகிய ஒரு பூனைகூட வருகிறது. ஸ்மாஃப் என்று அதற்குப் பெயர். அதே பாட்டு மெட்டு மாறி, குடும்பத் தொடர் பொலிஸ் தொடராகிறது, செல்வர் வீட்டுச் சூழ்ச்சித் தொடராகிறது, விண்வெளித் தொடராகிறது, சித்திரப் படமும் ஆகிறது. ஆட்கள் மாறினும் புன்னகை மாறவில்லை. முதல் இரண்டு நிமிடம் சிரித்துக்கொண்டு பார்த்தவன் மூன்றாவது நிமிடத்தில் சலிப்படைகிறான். சலிப்பின் நடுவே, சிரிக்கிறவர்களுக்குப் பின்னால், சிரிக்காத ஒருவன் நிற்பதைக் காண்கிறான். வில்லியம் டொக்கார்ஸ்கி என்பவர் ஏற்ற வேடம் அது. படியோரத்திலும் வாசலிலும் முன்பிருந்தே அவன் நின்றிருக்கிறான், நாம்தான் கவனிக்கவில்லை. பிறகு அவன் கையில் வெட்டுக்கத்தி. புன்னகைத்தவர்கள் ஒவ்வொருவராக வெட்டுண்டு விழுகிறார்கள். பாட்டு நிற்கவில்லை.

இவற்றுள் ஒரு காட்சியை மட்டும் விரித்துச் சொல்லவேண்டும். பெண்ணொருத்தி கொலைகாரனுக்குத் தப்பி ஓர் இருண்ட அலுமாரிக்குள் ஒளித்துக்கொள்கிறாள். மூச்சை அடக்குகிறாள். ஆனால் தொடக்கப் பாட்டின் விதிப்படி அவள் தோன்றும் இடத்திலெல்லாம் அவளுடைய பெயர் எழுத்தில் மின்னியாகவேண்டுமல்லவா? மின்னுகிறது. அந்த ஒளி அலுமாரிக்கு வெளியே தெரிகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான்.

வகுப்பிலே இதைப் பற்றிப் பேசியபோது பையன்கள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி சிரிக்கவில்லை. “பேர் தெரிஞ்சதாலைதானே சேர் அவள் பிடிபட்டவள்” என்றாள். அவள் போர் முடிந்தபோது கைக்குழந்தை. சோதனைச் சாவடியும் பெயர்ப் பட்டியலும் அவள் கண்டவையல்ல, வீட்டிலே கேட்டவை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் எதையோ எழுதினேன்.

சிரிப்பும் அச்சமும் இப்படி அடுத்தடுத்து எழுவது எவ்வாறு? இதற்கு அமெரிக்கத் திறனாய்வு நூல்களைத் தேடவேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையை முதலிலும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன் கூறியிருக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகைக்கு. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அச்சத்துக்கு. பல்கலைக்கழகத்தில் இதனை நாம் பரீட்சைக்காக மனனம் செய்தோம். மனனம் செய்த காலத்தில், இந்தப் பட்டியலில் நான்காவதாக நிற்பது எவ்வளவு துணிவான சொல் என்று எனக்குப் புரியவில்லை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அஞ்சுவது எவருக்கும் தெரிந்தது. தன்னை ஆளுகின்றவனுக்கு அஞ்சுவதை அதே வரிசையில் வைத்து எண்ணியவர் உலகத்தை அறிந்தவர்.

குடும்ப நகைச்சுவைத் தொடர் வாழ்வது பேதைமையாலும் மடத்தாலும். தகப்பன் எதையோ பிழையாக விளங்கிக்கொள்கிறான்; இருபத்திரண்டு நிமிடத்தில் எல்லாம் சீராகிறது; இடையிலே விளம்பரம். அங்கே வாடகை கட்ட முடியாதவன் இல்லை. இருந்தாலும் அந்தக் கிழமையோடு அவன் கஷ்டம் தீர்ந்துவிடும். இந்த வீட்டை நம்பும்படி பார்ப்பவனைப் பழக்கியது எது? நடிப்பு ஒரு பங்கு. சிரிப்பொலி ஒரு பங்கு. 1950 களில் சார்ள்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியியலாளர் மனிதச் சிரிப்புகளை நாடாவிற் பதிந்து, விசைகளை அழுத்தினால் வேண்டிய சிரிப்பு வெளிவரும் ஒரு பெட்டியைச் செய்தார். குறுஞ்சிரிப்பு, வெடிச்சிரிப்பு, பெண்சிரிப்பு என்று விசைக்கொன்று. அந்தப் பெட்டியைப் பிறர் காணாதபடி பூட்டி வைத்திருந்தாராம். பல்லாண்டுகள் அமெரிக்கத் தொடர்களில் ஒலித்த சிரிப்பிற் பெரும்பங்கு அவர் கைவழி வந்தது. ஒருமுறை பதிந்த சிரிப்பு ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஒலித்தது என்றால், அதைச் சிரித்தவர்களிற் பலர் இடையிலே இறந்துமிருப்பார்கள். இறந்தவர் சிரிக்க உயிருள்ளவன் கூடச் சிரிக்கிறான். இதற்கு மேலும் பேய்க்கதை வேண்டுமா?

இந்தச் சிரிப்பொலியின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ‘மாஷ்’ என்ற தொடர். 1972 முதல் 1983 வரை ஓடியது. கொரியப் போர்க்களத்து அமெரிக்க வைத்தியசாலை ஒன்றைப் பற்றியது. சிரிப்பொலி வேண்டாம் என்று அதை ஆக்கியவர்கள் வாதாடினார்கள். வேண்டும் என்றது நிறுவனம். ஈற்றில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: அறுவைச் சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளிலே மட்டும் சிரிப்பொலி சேர்ப்பதில்லை. கூடத்துக்கு வெளியே சாவைப் பற்றிப் பேசும்போது சிரிக்கலாம். கத்தி உடலிற் படும்போது சிரிக்கக்கூடாது. பிரித்தானியாவில் பி.பி.சி. அதே தொடரைச் சிரிப்பொலி நீக்கியே காட்டிற்று. கடலின் இந்தப் பக்கத்தில் நகைச்சுவையாக இருந்தது அந்தப் பக்கத்தில் வேறொன்றாயிற்று. எங்கே சிரிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவன் கலைஞனல்லன், காசு போட்டவன் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

டேவிட் லிஞ்ச் 2002 இல் ஆக்கிய ‘றபிட்ஸ்’ இந்தச் சிரிப்பொலியையே பிடித்துக்கொள்கிறது. ஓர் இருண்ட வரவேற்பறை. முயற்றலை அணிந்த மூவர். வெளியே ஓயாத மழை. அவர்கள் தொடர்பில்லாத வசனங்களைச் சொல்கிறார்கள். நகைப்புக்கு ஏதுமில்லாத இடத்தில் சிரிப்பொலி எழுகிறது. கனடாவிலே உளவியலாளர் சிலர் இப்படத்தின் பகுதியைக் காட்டிப் பரிசோதனை நடத்தி 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். நாம் தலையிடிக்குப் போடும் பனடோல் மருந்தைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே கொடுத்தால் படத்தால் விளையும் மனக்கலக்கம் குறைகிறதா என்று பார்த்தார்களாம். குறைந்தது என்பது அவர்கள் முடிவு. விமர்சகர்களாகிய எமக்கு வேலையில்லாமற் போகும் காலம் வருகிறது என்று சக ஆசிரியர் ஒருவர் பகிடி பண்ணினார். அது நிற்க. லிஞ்சின் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பார்ப்பவனைத் தனியறையிற் பூட்டிவிட்டுப் போய்விடுகிறது. கெலியின் படத்தில் சந்தை இரைச்சல் இருக்கிறது. விற்பனைக்கு வைத்த புன்னகை என்பது முதற் கணத்திலேயே தெரிகிறது. ஆகவேதான் இரண்டினுள் அதை மேலாகக் கருதுகிறேன்.

இங்கே நண்பரின் மறுப்பு மீண்டும் வரும்: இவை நசிவுக் கலை, முதலாளித்துவ சமுதாயம் தன் நோயைத் தானே வேடிக்கை பார்க்கும் கலை, யதார்த்தவாதத்தை விட்டவன் மக்களையும் விட்டான். யதார்த்தவாதத்தை எம்மவர் வலியுறுத்தியதன் காரணம் எனக்குத் தெரியும். கைலாசபதியும் சிவத்தம்பியும் அதற்காக வாதாடிய காலத்தில் சாதிக் கொடுமையையும் கூலிக்காரன் பசியையும் எழுத்திலே கொண்டுவருவதே ஒரு போராக இருந்தது. டானியலும் ஜீவாவும் அந்தப் போரிலே எழுதியவர்கள். அந்தப் போரில் ஈட்டியதை நான் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் யதார்த்தம் என்ற பெயரிலே பொய் சொல்லவும் முடியும் என்பதைத் தொலைக்காட்சி நிறுவிவிட்டது. சோபா உண்மையானது, தேநீர்க் கோப்பை உண்மையானது, சுவரில் மாட்டிய மணிக்கூடு சரியான நேரம் காட்டுகிறது. வாழ்க்கைதான் பொய். பொய்யான யதார்த்தத்தை உடைக்கப் புதுமைப்பித்தன் என்ன செய்தான்? கடவுளைச் சென்னைக்குக் கூட்டிவந்தான். வேதாளத்தைப் பரிகாசத்துக்கு ஆளாக்கினான். ‘காஞ்சனை’யிலே நடுத்தர வர்க்கத்து எழுத்தாளன் வீட்டுக்குள் வேலைக்காரி உருவில் அச்சத்தை அனுப்பிவைத்தான். எள்ளலும் அணங்கும் ஒரே பேனாவில் இருந்தன. அவனை நசிவு எழுத்தாளன் என்று தள்ளியவர்களை இன்று எவர் நினைக்கிறார்?

தமிழ்த் தொலைக்காட்சியில் இந்தச் சேர்க்கை ஏன் நிகழவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது. ஆட்கள் இல்லாமலில்லை. 1990 களின் பிற்பகுதியில் ‘மர்மதேச’த்தை இயக்கிய நாகாதான் ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என்ற புதுமணத் தம்பதியர் நகைச்சுவைத் தொடரையும் இயக்கினார். அச்சம் ஓர் அறையிலும் நகை இன்னோர் அறையிலும் இருந்தன. இடைச்சுவரை எவரும் இடிக்கவில்லை. ‘லொள்ளு சபா’ விஜய் தொலைக்காட்சியிலே நையாண்டியை ஒரு தொழிலாகவே நடத்திற்று. ஆனால் அதன் எள்ளல் பெரும்பாலும் சினிமாவின் மேல் விழுந்தது. அதனை இயக்கிய ராம்பாலாவும் அதிலே நடித்து வளர்ந்த சந்தானமும் 2016 இல் ‘தில்லுக்கு துட்டு’ என்ற பேய்ப்படத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் பேய் பயமுறுத்துகிறது, நகைச்சுவை நடிகர் அலறுகிறார், நாம் சிரிக்கிறோம். சிரித்ததும் அச்சம் கலைந்துவிடுகிறது. சிரிப்பு அங்கே அச்சத்துக்கு மருந்து. கெலியின் படத்தில் சிரிப்பே நஞ்சு. இந்த வேறுபாடு சிறிதன்று.

மிக அருகில் வந்தது 2009 இல் விக்ரம் குமார் இயக்கிய ‘யாவரும் நலம்’. புதுவீடு வாங்கிக் குடிபுகும் கூட்டுக் குடும்பம் ஒன்று; நாள்தோறும் பகல் ஒரு மணிக்குத் தொலைக்காட்சியில் ‘யாவரும் நலம்’ என்றொரு குடும்பத் தொடர். தொடரிலே நடப்பது தன் வீட்டிலும் நடக்கிறது என்பதை மகன் மட்டும் கண்டுகொள்கிறான். பெண்களோ வழமைபோலத் தொடரைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள். பெட்டிக்குள் இருப்பது தங்கள் சாவு என்று அறியாமல் அதைச் சுவைக்கிறார்கள். முற்பாதியில் இதனைப் பார்த்தபோது தமிழிலே ஒரு மகத்தான சமுதாய நையாண்டி பிறந்துவிட்டதென்றே எண்ணினேன். பிற்பாதியில் படம் அந்த வழியை விட்டுவிட்டு, 1977 இல் நடந்த பழைய கொலையொன்றைத் துப்பறிந்து, கொலையாளியைக் காட்டிக் கதையை முடிக்கிறது. தொடரின் மீதிருந்த ஐயம் ஒரு தனிமனிதன் மீதான ஐயமாகச் சுருங்கிவிட்டது. ஆவிகளே தொடரை நடத்தின என்று தெரிந்ததும் தொடரை நடத்தும் நிறுவனத்தார் தப்பிக்கொண்டார்கள்!

இதே குற்றத்தைத்தான் ‘ரூ மெனி குக்ஸ்’ மீதும் சாட்டவேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் கொலைகாரனே மற்றவர்களின் இடங்களில் நின்று கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். பாட்டு அவனையும் ஏற்றுக்கொள்கிறது. கொன்றவன் புன்னகைத்தால் போதும், குடும்பத்திலொருவன்! இவ்விடம் படத்தின் உச்சம். தொடக்கப் பாட்டு ஒரு தொற்றுநோய் என்று வைத்தியர் சொல்லும் காட்சியும் உண்டு. நோய்க்கு ‘இன்ட்ரோனைற்றிஸ்’ என்று பெயரிடுகிறார். ஆனால் பின்னர் அந்தப் பொம்மைப் பூனை குற்றுயிராய் ஊர்ந்து போய் ஒரு சிவப்பு விசையை அழுத்துகிறது, இறந்தவர் எழுந்துவிடுகிறார்கள், எல்லாம் பழையபடி. ஈற்றிலே கதை தொடங்குகிறது, தொடங்கிய கணமே முடிந்தும் போகிறது. அந்த விசையை அங்கே வைத்தவன் எவன் என்று படம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாது, அதனை ஒளிபரப்பிய டேர்னர் நிறுவனத்தின் இன்னோர் அலைவரிசை பழைய நகைச்சுவைத் தொடர்களை மறுபடி மறுபடி காட்டிப் பணம் பண்ணிக்கொண்டிருந்தது. தொல்காப்பியர் சொன்ன நான்கினுள் அணங்கும் விலங்கும் கள்வரும் இப்படத்தில் இருக்கின்றன. நான்காவது இல்லை.

எமக்கு முதலிலே வாய்த்தது நான்காவதுதான். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் மயிலிட்டி மக்கள் எழுந்து போனபோது எனக்கு இரண்டு வயது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. துறைமுகமும் அதனை அடுத்த 54 ஏக்கர் நிலமும் 2017 ஆடியில், இருபத்தேழு ஆண்டுகளின் பின், திறக்கப்பட்டன; அதற்குப் பின்பும் திரும்பாத காணிகள் உண்டு. இடைக்காலம் முழுவதும் நாம் முகாமிலும் உறவினர் வளவிலும் வாழ்ந்தோம். 2002 இல் பாதை திறந்த பிறகு எங்கள் முகாமுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. ‘மெட்டி ஒலி’க்கு இருபது குடும்பங்கள் கூடும். தொடக்கப் பாட்டு ஓடும். பாட்டு முடியுமுன் அநேகமாக மின்சாரம் போய்விடும். அந்த ஐந்து பெண்மக்களின் கதை என்னவாயிற்று என்பதைப் பெரியவனான பின்பே அறிந்தேன். பாட்டை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தொடங்காத கதை ஒன்றின் தொடக்கத்திலே புன்னகைத்தபடி நிற்பது எப்படியிருக்கும் என்று அமெரிக்கர் ஒருவர் படமெடுத்தபோது, அதைக் கண்டு சிரிக்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது.

என் மாணவர் நால்வர் இப்போது அதைப் பார்த்து ஒரு குறும்படம் எடுக்கிறார்கள். நான் அதன் குறைகளையும் சொல்லவேண்டும்: கமரா நடுங்குகிறது, பாட்டு தென்னிந்தியத் தொடரொன்றின் மெட்டை அப்படியே திருடியது, வெட்டுக்கத்திக்காரனை அவர்களும் விடவில்லை. எனினும் இடத்தைத் தேர்ந்ததில் அவர்களுக்குக் கலையறிவு இருக்கிறது. கடற்கரைப் பக்கமாகக் கூரையும் கதவுநிலையும் போன வீடொன்றின் விறாந்தையில், சுவரைப் பிளந்து வளர்ந்த மரத்தடியிலே, தகப்பன் பத்திரிகையிலிருந்து நிமிர்கிறான், தாய் அகப்பையுடன் திரும்புகிறாள், பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள், எல்லோரும் புன்னகைக்கிறார்கள். பெயர்களை எழுத்திற் போடுவதா விடுவதா என்று அவர்களுக்குள் சண்டை. பின்வரிசை மாணவி வேண்டாம் என்கிறாள். பெயரிருக்கும் இடம் வெறுமனே ஒளிரட்டும் என்கிறாள். அவள் பக்கம்தான் நான்.

சிரிப்பொலிக்கு இணையத்திலிருந்து எடுக்கவேண்டாம், ஊர்ச் சிரிப்பு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு பையன் தன் அம்மம்மாவின் முன் தொலைபேசியை நீட்டினானாம்.

“சிரியுங்கோ அம்மம்மா.”

“என்னத்துக்கு?”

“ஒண்டுக்குமில்லை, சும்மா சிரியுங்கோ.”

“சும்மா சிரிச்சால் விசரெண்டு சொல்லுவினமடா.”

சிரிப்பொலி வரவேண்டிய இடங்களிலெல்லாம் இப்போது அந்தக் குரலைத்தான் போட்டிருக்கிறார்கள்.